ரேக்கும் பெயிண்ட்டும்

ஆங்கிலத்தில் ‘கில்டட்’ என்று வந்தால் ‘பொன்முலாம் பூசிய’ என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம். முலாம் உலோகத்துக்குச் சரி. மரத்தில் ஒட்டுவது ரேக்கு. தஞ்சாவூர் ஓவியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

புனே கேம்ப்பின் பழைய பங்களாக்கள் காலியாகும்போது எப்போதாவது ஓர் ஆங்கிலச் சுவர்க் கண்ணாடி வெளியே வரும். இலையும் கொடியுமாய்ச் செதுக்கிய சட்டம், அழுக்கேறிய தங்கம், இருண்டுபோன முகப்பு. லண்டனில் தாமஸ் சிப்பெண்டேல் 1754இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் இத்தகைய சட்டங்கள் நிறைய உண்டு. (பேஷ்வாக்களின் சனிவார் வாடாவிலும் ஆர்சா மஹால் என்று ஒரு கண்ணாடிக் கூடம் இருந்தது. 1828 தீயில் எல்லாம் போயிற்று.)

செதுக்கிய மரத்தின் மேல் சுண்ணத்தூளும் தோல் பசையும் கலந்த பூச்சு, பல தடவை. அதன் மேல் செந்நிறக் களிமண். பிறகு மூச்சு விட்டாலே பறக்கும் தங்க ரேக்கு. கடைசியில் அகேட் கல்லால் தேய்த்து மெருகு. சுக்கான் மாவில் மேடு எழுப்பி ரேக்கு ஒட்டுவதைத் தஞ்சாவூரில் பார்த்தவர்களுக்கு இது அந்நிய வித்தை அல்ல. அந்தக் கலையை அங்கே போஷித்தவர்கள் மராட்டிய மன்னர்கள் என்று சொன்னால் புனேக்காரர்களுக்கு ஏக சந்தோஷம்.

சந்தோஷம் பாலிஷ்காரர் வரும்வரைதான். சட்டத்துக்குத் தங்க பெயிண்ட், உள்ளே புதுக் கண்ணாடி என்பார் அவர். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டும் ஒரே பகலில் முடிந்தன. அந்த பெயிண்ட் பெரும்பாலும் பித்தளைத் தூள். சில வருடங்களில் பழுப்பேறிக் கறுக்கும். சுரண்டினால் அடியிலுள்ள ரேக்கும் கூடவே வரும். ஈரத்துணியும் ஆகாது, பசை கரைந்துவிடும். மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும்.

கண்ணாடியைக் கழற்றுவதில் இன்னொரு வம்பு இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலார் லீபிக் 1835இல் வெள்ளிப் பூச்சுக்கு வழிகாட்டினார். அது பரவும்வரை கண்ணாடிக்குப் பின்னால் பூசியது வெள்ளீயமும் பாதரசமும்தான். இன்றும் கீழ் ஓரத்தில் பாதரசம் துளித்துளியாய்த் திரண்டு நிற்பதுண்டு. படுக்கவைத்துச் சுரண்டினால் தரையில் உருளும், ஆவியாகி மூச்சில் ஏறும். கரும்புள்ளிகள் பிடிக்காதவர்கள் முகச்சவரத்துக்கு வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல விலை தருகிறேன், வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது வருவார்கள். நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. வருகிறவர் அதைச் சொல்லமாட்டார்.