மேசைமீது ஒரு பாலைப்படை

பொம்மைப் படைகளை மேசைமீது அணிவகுத்து ஆடும் ஆட்டத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவார் உளர். நாம் அதற்கு ஒருப்படோம். அறிவியல் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் எச். ஜி. வெல்ஸ் 1913இல் இவ்வாட்டத்திற்கென்றே ஒரு விதிநூல் எழுதினார். உண்மைப் போர் விளைக்கும் கேட்டை நோக்க இப்பொம்மைப் போர் எத்துணையோ மேலானது என்பது அந்நூலில் அவர் கண்ட முடிபு. மறு ஆண்டே ஐரோப்பா முதல் உலகப்போரில் வீழ்ந்தது. இந்தியச் சதுரங்கம் பாரசீகம் புகுந்து, அரபியர் கையில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, பாக்தாதில் அதற்குத் தனி நூல்கள் எழுந்த வரலாற்றையும் ஈண்டு நினைத்துக் கொள்வது தகும். ஆட்டம் என்பதனாலேயே ஒன்று எளியதாகிவிடாது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது வளர்ந்த ஒரு கைக்கலை. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவங்களை வாங்கி, பிசிறுகளை அரத்தால் தேய்த்து, கைகளையும் கருவிகளையும் ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டுவர். ஒரு படை நிறைவு பெற மாதங்கள் செல்லும். பின்னர் அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடுவர். ஆடும் பொழுதைக் காட்டிலும் ஆக்கும் பொழுதே மிகுதி. தாம் விரும்பிய திரைப்படத்தில் கண்ட படையைத் தாமே ஆக்கிக்கொள்வாரும் உண்டு. அவ்வாறு ஆக்குவோர் தம்மை அறியாமலே உரையாசிரியர் ஆகிவிடுகின்றனர் என்பது நம் துணிபு. மூலத்தில் இருபொருள் தோன்றும் இடத்தில் உரைகாரர் ஏதேனும் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். ஓர் உருவத்தின் கையில் எந்தப் படைக்கலத்தை ஒட்டுவது என்று முடிவு செய்வோரின் நிலையும் அதுவே.

டேவிட் லின்ச் இயக்கி 1984இல் வெளிவந்த ‘டியூன்’ திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட புதினமே அதன் மூலம். அராக்கிஸ் என்பது நீரற்ற ஒரு கோள். விண்வெளிப் பயணத்திற்கு இன்றியமையாத ‘ஸ்பைஸ்’ எனும் அரும்பொருள் அங்கு மட்டுமே கிடைக்கும். அம்மணலில் வாழ்பவர் ஃப்ரெமன் மக்கள். உடலின் ஈரத்தையும் வீணாக்காது மீட்டுத் தரும் உடை அணிந்தவர்கள். ஸ்பைஸ் உண்டு உண்டு விழி முழுவதும் நீலம் பாய்ந்தவர்கள். பகைவரால் தந்தையை இழந்த பால் என்னும் இளைஞன் அவர்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்தம் தலைவனாகிப் பேரரசனின் ‘சார்டோகர்’ படையை வெல்கிறான்.

இனிப் படையாக்குவோர்க்கு எழும் சிக்கலைக் காண்போம். திரைப்படத்தில் ஃப்ரெமன் வீரர் ஏந்துவது ஒலியை ஆற்றலாக்கிச் சுடும் ஒரு கருவி. அது பாலின் குடும்பத்தார் கண்டது; பால் கொணர்ந்து பயிற்றுவிக்க, அவர்கள் வெல்கின்றனர். புதினத்திலோ அக்கருவியே இல்லை. மணற்புழுவின் பல்லில் செய்த கத்தியே ஃப்ரெமன் படைக்கலங்களுள் சிறந்தது. எதிர்காலத்தில் கத்தி எதற்கு என்று வினவுவோர்க்கு ஹெர்பர்ட் விடை வைத்திருக்கிறார். உடலைச் சூழ்ந்த காப்புத்திரையில் ஒளிக்கதிர் பட்டால் பெருவெடிப்பு நிகழும். எனவே கதிர்த்துப்பாக்கி இருபுறத்தார்க்கும் கேடு. காப்புத்திரையை மணலில் இயக்கினாலோ அதன் அதிர்வு புழுவை அழைத்துவிடும். ஆகவே திரையின்றிக் கத்தியோடு பொருதப் பழகியவர்களே அம்மண்ணில் வல்லவர். பாலின் தலைமை அமையும் முன்னரே சார்டோகரை எதிர்த்து நின்று வென்றவர்கள் அவர்கள். தெற்குப் பாலையில் தாம் மேற்கொண்ட பணிகளை மேலிருந்து எவரும் நோக்காவண்ணம், விண்வெளிப் பயணக் குழுவினர்க்கு ஸ்பைஸைக் கையூட்டாகத் தந்து காத்துக்கொண்ட அரசியல் நுட்பமும் அவர்களுக்கு இருந்தது.

ஒலிக்கருவியை ஒட்டினால் அம்மக்களின் வெற்றி வெளியார் ஈந்த கொடையாகிவிடும். கத்தியை ஒட்டினால் அது அவர்களே ஈட்டியதாகும். நாம் கத்தியின் பக்கமே நிற்கிறோம். பசை காயும் முன் செய்யும் இம்முடிவில் ஒரு மக்கள்திரளைப் பற்றிய கருத்தே அடங்கிக் கிடக்கிறது.

இதில் நாம் இத்துணை அழுத்தம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஹெர்பர்ட் அம்மக்களுக்கு ஈந்த சொற்கள் நம் செவிக்குப் புதியன அல்ல. மஹ்தி, ஜிஹாத் என்பன அவ்வாறே வருகின்றன. வீரர்குழாத்தின் பெயரில் ‘ஃபிதாயீன்’ ஒலிக்கிறது. காக்கசு மலைநாட்டில் ரஷ்யப் பேரரசை எதிர்த்துக் கால் நூற்றாண்டு தலைமை தாங்கி 1859இல் அடிபணிய நேர்ந்த இமாம் ஷாமில் பற்றி லெஸ்லி பிளான்ச் 1960இல் எழுதிய நூலில் காணும் சொற்கள் சிலவும் இப்புதினத்தில் உள்ளன. 2021இல் டெனி வில்நோவ் எடுத்த படத்தில் ‘ஜிஹாத்’ நீக்கப்பட்டுப் ‘புனிதப் போர்’ என்றே வழங்கப்பட்டது. முயற்சி என்னும் வேர்ப்பொருளுடைய சொல்லை அழிவுக்கு மட்டும் ஆள்வதினும் அது மேல் என்பார் சிலர். நமக்கு அதில் முழு நிறைவு இல்லை. சொல்லை எடுத்துவிட்டாலும் தலைத்துணியும் நீளங்கியும் அங்கேயே இருக்கின்றனவே!

அத்தலைத்துணி உருவங்களைத் தேடும்போது கைக்கு எட்டுவனவற்றுள் சூடான் போர் ஆட்டங்களுக்கென வார்க்கப்பட்டவையும் உண்டு. 1881இல் தம்மை மஹ்தி என அறிவித்த முஹம்மது அஹ்மதின் வழிவந்த படையினர் அவர்கள். 1898 செப்டம்பர் 2ஆம் நாள் ஓம்துர்மானில், இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் முன் அவர்களுள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். எதிர்ப்புறத்தில் இறந்தோர் ஐம்பதின்மர் அளவினரே. அவ்வுருவங்களுக்கு நீலக்கண் தீட்டிக் கற்பனை மஹ்தியின் படையாக்குவதை நாம் தடுக்கவில்லை. எவருடைய உருவம் அது என்று அறிந்து தீட்டுக என்பதே வேண்டுகோள்.

விதி எழுதுவோர்க்கும் ஒன்று கூறலாம். பாலைவனப் படை எனில் ‘வெறி மிகுதி, ஒழுங்கு குறைவு’ என்று எண்ணிட்டுவிடுவது எளிய வழக்கம். ஃப்ரெமன் மக்களுக்கு அது சற்றும் பொருந்தாது. சொட்டு நீரைக் கணக்கிட்டு வாழும் கூட்டத்தாரினும் ஒழுங்குடையார் யார்? பாலையைப் பசுமையாக்க நூற்றாண்டுகள் ஆகும் என்று கணித்து, தம் காலத்தில் காண இயலாததற்காக நீர் சேமித்தவர்கள் அவர்கள். ஆகவே அப்படையுடன் ஒரு நீர்த்தேக்கத்தையும் செய்து மேசையில் வைத்து, அதைக் காப்பவர்க்கே வெற்றி என விதி செய்தால் ஆட்டம் சிறக்கும்.

லின்ச் தம் படத்தின் இறுதியில் மழை பெய்வித்தார். பாலைத் தெய்வமாக்கும் அக்காட்சி புதினத்தில் இல்லை. நீர் மணற்புழுவுக்கு நஞ்சு. புழு இன்றேல் ஸ்பைஸும் இல்லை. பகடையில் ஆறு விழுந்தால் மழை என்று ஒருவர் விதி எழுதினால், அடுத்த சுற்றிலேயே புழுக்களையெல்லாம் மேசையினின்று எடுத்துவிட வேண்டியிருக்கும்.