கல்குளத்துக் கற்கள்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அணித்தே, வேளிமலையின் அடிவாரத்தில், கருங்கற்கோட்டை சூழ்ந்த ஊர் ஒன்று இருக்கின்றது. மண் தமிழ்நாட்டு மண்; நகராட்சி தமிழ்நாட்டு நகராட்சி; வாக்கும் வரியும் தமிழ்நாட்டிற்கே. ஆயினும் அக்கோட்டையின் நடுவே நிற்கும் அரண்மனையும் அதனைச் சார்ந்த அருங்காட்சியகமும் கேரள அரசின் தொல்லியல் துறையின் ஆளுகையில் உள்ளன. பதுமநாபபுரம் என்று இன்று வழங்கும் ஊர் இது.

'இன்று வழங்கும்' என்றது கருதியே சொல்லப்பட்டது. ஊரின் பழம்பெயர் கல்குளம். 1750-இல் நாட்டையே திருவனந்தபுரத்துத் திருமாலுக்கு எழுதிவைத்த மார்த்தாண்ட வருமன் காலத்தில், ஊரும் அத்தெய்வத்தின் வடமொழிப் பெயரை ஏற்றது. கல்லும் குளமும் எங்கும் போய்விடவில்லை, பெயர்தான் போயிற்று. வட்டத்தின் பெயர் மட்டும் கல்குளம் வட்டம் என்றே நிலைத்தது. ஊரினின்றும் துரத்தப்பட்ட தமிழ்ப்பெயர் வட்டாட்சியர் அலுவலகத்தில் புகலடைந்து பிழைத்திருக்கின்றது என்க.

அரண்மனையினுள் நுழைவார் முதலிற் காண்பது பூமுகம். மரத்தாற் செதுக்கிய முகப்பிற்கு அதனினும் அழகிய பெயர் வேறு வேண்டுவதில்லை. பழமையான பகுதி தாய்க்கொட்டாரம். (கொட்டாரம் என்னும் சொல்லின் பிறப்புப் பற்றிச் சொல்லாராய்ச்சியாளரிடையே வழக்குண்டு; தாய் என்னும் சொல்லில் வழக்கில்லை.) அதன் அமைப்பு நாலுகட்டு. இரு நிலைகளாய் நீண்டு கிடக்கும் உணவுக்கூடம் ஊட்டுப்புரை. புரை என்றால் வீடு, அறை என்று அகரமுதலி சொல்லும். குமரி மாவட்டத்து உழவனுக்கு அகரமுதலியும் தேவையில்லை. ஆனால் அரசன் அமைச்சரோடு சூழும் இடம் மந்திரசாலை. அயல்நாட்டு விருந்தினர்க்குக் கட்டிய மனை இந்திரவிலாசம். ஆடலும் பாடலும் நிகழும் கல்மண்டபம் நவராத்திரி மண்டபம். வாயிலும் தாயும் சோறும் உள்ள இடத்தில் தமிழ். வீறும் விருதும் உள்ள இடத்தில் வடசொல். ஒரு நாட்டின் மொழிவரலாறு முழுவதும் ஓர் அரண்மனையின் அறைப்பெயர்களில் இவ்வாறு வெளிப்பட்டுக் கிடப்பது வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று.

காண வருவோர் இவற்றையெல்லாம் எண்ணுவதில்லை. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும், அறுபத்துநான்கு மரவகைகளால் ஆயதென்று சொல்லப்படும் மூலிகைக் கட்டிலையும் வியந்து நிற்கின்றனர். வியக்கத்தக்கவையே. மரவேலைப்பாட்டைக் கேரளத் துறையினர் செவ்விதின் பேணி வருகின்றனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. 2014-ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்னிலைப் பட்டியலில் இவ்வரண்மனை இடம்பெற்றுள்ளமைக்கு அப்பேணுகையும் ஒரு கரணியம்.

ஆயின் அருங்காட்சியகப் பகுதியில் கற்சிலைகளுக்கும் படைக்கருவிகளுக்கும் இடையே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் நிற்கின்றன. அவற்றின் முன் எவரும் நிற்பதில்லை. வட்டெழுத்து தமிழியிலிருந்து கிளைத்த தமிழர் எழுத்து. பாண்டி நாட்டைச் சோழர் கைக்கொண்ட பின்னர், பதினோராம் நூற்றாண்டளவில், அங்கு அது படிப்படியே வழக்கிறந்தது. வேணாட்டிலோ மேலும் பல நூற்றாண்டுகள் உயிரோடிருந்தது. குமரி வட்டாரத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகளின் மொழி தமிழே; பிற்காலத்தவற்றில் மலையாள வழக்கும் விரவிவரும். இதே விளவங்கோட்டுப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டளவில் தொண்ணூற்றைந்து மாணவர்க்கு வடமொழி மறை ஓதும் சாலை ஒன்று அமைத்தான். அச்சாலைக்குரிய செப்பேடும் வட்டெழுத்தில், தமிழில் அமைந்தது. ஓதியது வடமொழியாயினும் ஆவணம் தமிழாகவே இருக்க வேண்டியிருந்தது. ஏனெனில் நிலமும் நெல்லும் கொடுத்தவர்க்குப் புரிய வேண்டுமன்றோ?

அரண்மனைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குச் சென்றால் இன்னுமொரு சான்று கிடைக்கும். 1741-இல் குளச்சற் போரில் ஒல்லாந்தர் பக்கத்தில் நின்று தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வருமனுக்கே படைத்தலைவராகிய தெ லன்னாய் 1777-இல் இறந்து அங்கே அடக்கமானார். அவர் கல்லறைக் கல்லில் இரண்டு மொழிகள் உள்ளன. ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். வெளிநாட்டார் ஒருவரின் கல்லறையில் எம்மொழியைப் பொறித்தால் அந்நாட்டு மக்கள் படிப்பர் என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

இப்பகுதி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது எளிதில் நிகழ்ந்ததன்று. 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலரின் குண்டுக்குத் தமிழர் பலியாயினர். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன; தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. அரண்மனை மட்டும் கேரளத்தின் ஆளுகையிலேயே நின்றது. அதனைத் தமிழ்நாடு மீட்க வேண்டும் என்னும் குரல் அவ்வப்போது எழுகின்றது. எழுவது இயல்பே. மறுபுறம், கம்பர் வழிபட்டதாக வழிவழிச் சொல்லப்படும் கலைமகள் படிமம் ஆண்டுதோறும் ஒன்பான் இரவு விழாவிற்கு இவ்வரண்மனையிலிருந்து திருவனந்தபுரம் சென்று மீள்கின்றது. களியக்காவிளை எல்லையில் இரு நாட்டாரும் கூடி நிற்கின்றனர். கம்பரைப் போற்றுவார் போற்றுக, மறுப்பார் மறுக்க. அரசுகள் பகை கொள்ளாது கூடி நடத்தும் ஒன்று அங்கே உண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது.

அரண்மனையின் திறவுகோல் எவர் கையில் என்னும் வினாவினும் பெரிய வினா ஒன்றுண்டு. நாளையே அத்திறவுகோல் தமிழ்நாட்டு அலுவலர் கைக்கு வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோர், அக்கற்களின் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க எத்தனை தமிழாசிரியர் உளர் என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும். புலவர் பட்டம் பெற்றவருள்ளும் பலர் வட்டெழுத்தைப் படத்தில் மட்டுமே கண்டவர். மலையாளியார் மறைத்துவிட்டார் என்று குறை சொல்வதற்கு முன், திறந்து கிடப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னோர் அவ்வாறு இருந்தாரல்லர். இன்று தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கும் பாடலை யாத்த பேராசிரியர் சுந்தரனார் (1855–1897) திருவனந்தபுரத்தில் மெய்யியல் கற்பித்தவர். கற்பித்தது மெய்யியல், ஊர் ஊராகத் தேடித் தொகுத்ததோ கல்வெட்டு. வேணாட்டுப் பழைய மன்னர் வரலாற்றை அக்கற்களைக் கொண்டே 1894-இல் எழுதினார். தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகனார் (1876–1954) பள்ளியாசிரியர். குழந்தைகட்குப் பாட்டெழுதிய அதே கையாற் கல்வெட்டுகளையும் ஆய்ந்தார். பிறந்த மண் தமிழகத்தோடு சேர்ந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஈராண்டு முன்னரே மறைந்தார்.  இவ்விருவரிடமும் மைப்படி எடுக்கத் தாளும் படிக்க விருப்பமும் இருந்தன.

வட்டெழுத்து கற்றற்கரியதன்று. முதலெழுத்து முப்பதன் வடிவம் அறிந்தவர்க்கு உயிர்மெய் தானே வந்தமையும். புள்ளி பெரும்பாலும் இடப்படாமையும், சில எழுத்துகள் ஒன்றுபோல் தோன்றுதலும் இடர்தரும். பத்துக் கல்வெட்டுகளைப் படித்தால் அவ்விடரும் நீங்கும். கோடை விடுமுறையில் இருகிழமைப் பயிற்சி போதும். குமரி, நெல்லை மாவட்டங்களின் தமிழாசிரியர் அமைப்புகள் இதனைத் தாமே நடத்தலாம்.

அடுத்து, அருங்காட்சியகத்திலுள்ள ஒவ்வொரு கல்லின் பாடத்தையும் இன்றைய தமிழெழுத்திலும் மலையாள எழுத்திலும் ஒருசேர எழுதிக் கல்லின் அருகே வைக்கும்படி கேரளத் தொல்லியல் துறையைக் கேட்கலாம். மலையாளக் குழந்தையும் படிக்கட்டும். தன் மொழியின் தொட்டில் எதுவென்று அக்கல்லே அதற்குச் சொல்லும். அத்துறை இசையாது என்று கேளாமுன்னரே சொல்வார் உளர். எழுத்து வழியாகக் கேட்கட்டும். மறுத்தால் அம்மறுமொழியை இதழ்களில் வெளியிடட்டும்.