தையல் பிரிக்கும் முன்பே கரையும் தசை

வேல்ஸின் கார்டிஃப் நகரில், இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்த மூதாட்டிகளிடம் 2000-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியினருக்குக் கூடுதலாக ஓர் உணவு உதவியாளர். என்ன பிடிக்கும் என்று கேட்பது, அதைச் சமையற்கூடத்தில் சொல்லி வரவழைப்பது, நிமிர்த்தி உட்கார வைப்பது, தேவைப்பட்டால் ஊட்டிவிடுவது. அவருடைய வேலை இவ்வளவுதான்.

சுமார் 300 பேரிடம் கிடைத்த முடிவு 2006-ல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 22.9 சதவீதம் பேர் நான்கு மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். உதவியாளர் இருந்த பிரிவில் அது 13.1 சதவீதம். ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வுதான். ஆனாலும், முதல் பிரிவினர் நாளொன்றுக்குச் சாப்பிட்டது சராசரியாக 756 கலோரி என்ற கணக்கைப் பார்த்தால் வியப்பு குறைந்துவிடும். தட்டு வந்தது, தட்டு திரும்பியது. நடுவில் யாரும் பார்க்கவில்லை.

இதில் புதுமையும் இல்லை. 1936-லேயே ஹைரம் ஸ்டட்லி என்ற அமெரிக்க மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் எடையைக் கணக்கெடுத்தார். அறுவைக்கு முன்பே எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் இறந்தது 3.5 சதவீதம் பேர்தான்.

காயத்தை ஆற்றவும் கிருமியை எதிர்க்கவும் உடலுக்குப் புரதம் வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இளைஞருக்கு அந்த இருப்பு அதிகம். எழுபது வயதில் கையிருப்பே சொற்பம். தொடைத் தசை இளைத்தால் எழுந்து நடக்க முடியாது. மூச்சுத் தசை தளர்ந்தால் சளியை இருமித் தள்ள முடியாது, நிமோனியா வரும். 'ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ஆனா ஆள் தேறலையே' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

நம் வீடுகளில் பத்தியம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் கூடவே கூடாது. மிஞ்சுவது காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி. பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் ஆப்பிளையும் ரொட்டியையும் சேர்த்தாலும் புரதம் 20 கிராமைத் தாண்டுவது கடினம். நோயுற்ற முதியவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்கின்றனர் வல்லுநர்கள். 50 கிலோ எடைக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. பருப்பும் முட்டையும் புண்ணில் சீழ் வைப்பதில்லை. சீழ் வைப்பது கிருமி.

குறை வீட்டில் மட்டுமல்ல. பெரும்பாலானோருக்குத் திட உணவை மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும் என்று மயக்கவியல் வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகச் சொல்கின்றன. இருந்தும் 'ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது' என்ற உத்தரவு இன்னும் பல வார்டுகளில் பழக்கத்தில் இருக்கிறது. காலைப் பட்டியல் தள்ளிப்போய் மாலை மூன்று மணிக்கு அழைக்கப்படும் பாட்டி, அறுவை மேசைக்குப் பதினைந்து மணி நேரப் பட்டினியோடு போகிறார்.

அறுவைக்கு நாள் குறிக்கும்போதே பிள்ளைகள் மருத்துவரிடம் கேட்கட்டும்: கடந்த ஆறு மாதத்தில் அம்மாவின் எடை குறைந்திருக்கிறதா, எவ்வளவு புரதம் கொடுக்கலாம், எத்தனை மணி முதல் பட்டினி? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும், அதையும் கேட்டுக்கொள்ளலாம். அறுவை முடிந்த பிறகு, சாப்பாட்டு வேளையில் யாராவது ஒருவர் கட்டிலருகே உட்காரட்டும். பல் செட்டை மாட்டிவிட்டு, தட்டு காலியாகும் வரை.