சாக்கடையில ஓடுறது கழிவு இல்ல, நம்ம தண்ணி, நம்ம உரம்!

தோழர்களே! திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி வாழ் உறவுகளே!

2019 ஜூலை 12 ஞாபகம் இருக்கா? ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வந்தது. நம்ம திருமுல்லைவாயில் ஸ்டேஷனைத் தாண்டித்தான் அது வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்த கோடை அது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு அளவுகோல். அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்று வைத்துத்தான் பாதாளச் சாக்கடையைத் திட்டமிடுகிறார்கள். அதாவது தலைக்கு 108 லிட்டர். 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை சுமார் 3.46 லட்சம். பெருக்கிப் பாருங்க: ஒரு நாளைக்கு 3.7 கோடி லிட்டர். அதே மாதிரி 15 ரயில், தினமும்! 200 கிலோமீட்டர் தள்ளியிருந்து தண்ணீரைக் கொண்டு வந்த நாம, காலடியில் ஓடுறதை என்ன செய்கிறோம்?

"சாக்கடைத் தண்ணியக் குடிக்கச் சொல்றீங்களா?" என்று சிலர் கேட்பாங்க. இல்லைங்க. தொழிற்சாலைக்கும், பூங்காவுக்கும், கட்டுமானத்துக்கும் குடிநீர் எதற்கு என்றுதான் கேட்கிறோம். அங்கே மறுசுழற்சி நீர் போனால், புழல், செம்பரம்பாக்கம் தண்ணீர் நம்ம வீட்டுக் குழாய்க்கு மிச்சமாகும்.

இது கனவுத் திட்டமும் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019-லேயே வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் மணலி ஆலைகளுக்கும் அந்த நீர்தான் போகிறது. சிங்கப்பூர் 2003 முதல் இதைச் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குக் கிடைப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும், திருமுல்லைவாயில் மகளிர் தொழிற்பேட்டைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

இன்னொரு விஷயம், உரம். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்குதே, அது எதைத் தின்னு வளருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நம்ம கழிவுநீரில் இருக்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதுக்குச் சாப்பாடு. அதே சத்துக்காகத்தான் விவசாயி டிஏபி மூட்டைக்கு வரிசையில் நிற்கிறார். அந்த உரத்துக்கான பாஸ்பேட்டில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்கிறோம். ஏரியைக் கெடுக்கிற பொருளும் வயலுக்கு இல்லாத பொருளும் ஒண்ணுதான்!

கசடைச் செரிக்க வைத்துப் பிழியும்போது வரும் நீரில் மெக்னீசியம் சேர்த்தால், மணிச்சத்து ஸ்ட்ரூவைட் என்னும் படிகமாகப் படியும். மெதுவாகக் கரையும் உரம் அது. நம்ம திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறை கட்டி, அந்தச் சிறுநீரை வாழைக்கு உரமாகப் போட்டுப் பார்த்ததும் இதே தமிழ்நாட்டில்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆலைக் கழிவு வீட்டுக் கழிவோடு கலந்துவிட்டால் கசடில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் ஏறிவிடும். அப்புறம் அதை வயலில் போட முடியாது. ஆகவே முதலில் அந்தக் கலப்பைத் தடுத்தாக வேண்டும்.

நமது கோரிக்கைகள்:

1. விடுபட்ட எல்லா வீடுகளுக்கும் பாதாளச் சாக்கடை இணைப்பு. ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமில்லாமல்.

2. சுத்திகரித்த நீர் எவ்வளவு, எங்கே போகிறது, அதன் தரம் என்ன என்பதை ஆவடி மாநகராட்சி மாதந்தோறும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

3. தொழிற்பேட்டைகளுக்கு மறுசுழற்சி நீர்க் குழாய். ஆலைக் கழிவு கலப்போர் மீது கடும் நடவடிக்கை.

4. பரிசோதித்த, பாதுகாப்பான கசடு உரம் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்கு நியாய விலையில்.

5. சாக்கடைக்குள் இனி ஒரு மனிதனும் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டமே தடை செய்கிறது. உயிரிழந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாம் கேட்பது இழப்பீடு தேவைப்படாத நிலை. எந்திரம் இல்லாமல் எந்த நவீனத் திட்டமும் நவீனம் இல்லை.

தோழர்களே, லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "எங்க வார்டு கழிவுநீர் கடைசியில எங்கே போய்ச் சேருது?" பதில் எதுவானாலும் இங்கே கமெண்டில் பதிவிடுங்கள். பதில் வராத வார்டுகளின் பட்டியலோடு மாநகராட்சி வாசலில் சந்திப்போம்.

#கழிவுநீரும்_நம்_உரிமை