உழைக்கும் கைகளைக் காப்போம்

அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலில், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்வளம் பெருகுதற்பொருட்டு அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. கடலில் வேலை நின்றாலும், கரையில் வேலை பெருகும் காலமும் அதுவே. துருவேறிய இரும்பைத் தேய்த்தல், மரத்தில் துளையிடுதல், கண்ணாடியிழைப் பரப்பைச் சமன் செய்தல் முதலிய பழுதுபார்ப்புப் பணிகளை அந்த 61 நாள்களுக்குள் முடித்தாக வேண்டும். முன்னாளில் அரமும் உளியும் செய்த வேலையை இந்நாளில் கிரைண்டரும் டிரில்லரும் விரைந்து முடிக்கின்றன. விரைவு வந்தது, அதனுடன் அதிர்வும் வந்தது.

எந்திரத்தின் அதிர்வு அதைப் பற்றிய விரல்களுக்குள்ளும் புகுகிறது. அங்குள்ள நுண்ணிய குருதிக் குழாய்களையும் நரம்புகளையும் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. முதலில் விரல் நுனி மதமதக்கும். பின்னர் உணர்வு குன்றும். நாளடைவில் பிடி தளரும். சட்டைப் பொத்தானை மாட்டவும், வலைநூல் கோத்த ஊசியைச் செலுத்தவும் கை தடுமாறும். முற்றிய பின் இக்கேட்டை முழுதும் நீக்குதல் அரிது.

இந்நோய் புதியதன்று. காற்றழுத்தக் கருவிகளைக் கையாண்ட இத்தாலியத் தொழிலாளரிடம் இதனை 1911ஆம் ஆண்டில் லோரிகா என்னும் மருத்துவர் கண்டுரைத்தார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் தச்சர்களை 1918இல் ஆலிசு ஆமில்டன் என்னும் மருத்துவப் பெருமாட்டி ஆராய்ந்தார். குளிர் மிகுந்த காலை வேளைகளில் அவர்களுடைய விரல்கள் குருதியோட்டம் குன்றி வெளுத்துப்போயின. அதனால் இந்நோய்க்கு ‘வெள்ளை விரல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

ஆனால் காரைக்காலில் அத்தகைய குளிர் ஏது? வெப்ப நாடுகளில் விரல் வெளுத்தல் அரிதாகவே வெளிப்படும். நரம்பின் கேடோ குளிரை எதிர்பார்த்து நிற்பதில்லை. விரல் வெளுக்கவில்லை, ஆதலால் நோயில்லை என்று கருதுவது பெரும் பிழை. கையின் மரமரப்பை முதுமை என்றும் களைப்பு என்றும் தொழிலாளி தள்ளிவிடக்கூடும். கூலி போய்விடுமே என்னும் அச்சத்தால் அதனை மறைக்கவும் கூடும். ஆகவே, நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், எந்திரத்தின் அதிர்வையும் அதைப் பிடித்திருக்கும் நேரத்தையும் அளப்பதே இந்நிலத்திற்கு ஏற்ற நெறியாகும்.

அளவுகோல் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் வகுத்த விதிப்படி, 8 மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்ட அதிர்வின் முடுக்கம் விநாடிக்கு விநாடி 5 மீட்டரைத் தாண்டலாகாது. அதன் பாதியை எட்டும்போதே தடுப்பு முயற்சி தொடங்கவேண்டும். அதிர்வு இரு மடங்கானால், கருவியைப் பிடிக்கும் நேரம் நான்கில் ஒன்றாகக் குறையவேண்டும். முடுக்கம் 10 மீட்டர் உள்ள கருவியை ஒருவர் 2 மணி நேரம் பிடித்தாலே அந்நாளின் எல்லை முடிந்துவிடும்.

படகு உரிய நாளில் கடலில் இறங்க வேண்டாவா என்று சிலர் வினவலாம். இறங்கத்தான் வேண்டும். ஒருவரே நாள் முழுதும் பிடிக்கும் கருவியை மூவர் முறைவைத்துப் பிடித்தால் வேலை குறையாது, கேடு குறையும். தேய்ந்த வட்டை உடனே மாற்றுதலும், அதிர்வு குறைந்த கருவியை வாங்குதலும், வேண்டாத அழுத்தமின்றிப் பிடித்தலும் துணைசெய்யும். சாதாரணக் கையுறை அதிர்வைப் பெரிதும் தடுக்காது. அதனை நம்பி ஏமாறலாகாது. மதமதப்பை முதல் நாளிலேயே சொல்பவருக்கு வேறு வேலை கொடுக்கவேண்டும், கூலியைக் குறைக்கலாகாது.

காரைக்காலும் புதுவையும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1936 சூலை 30இல் புதுவை ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். மறு ஆண்டே 8 மணி நேர வேலைச் சட்டம் பிறந்தது. உழைப்புக்கு எல்லை உண்டு என்பதை உயிர் கொடுத்து நிலைநாட்டிய மண் அது. கை தாங்கும் அதிர்வுக்கும் எல்லை உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள இன்று எவரும் உயிர் தரவேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் சிறிது மனிதநேயமும் போதும்.