கல்லுமலைப் பாறையில ஏறாதீங்க தம்பிகளா

ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வர்ற பையன்கள்ல சிலர், போட்டோ எடுக்கப் பாறையில ஏறுறாங்க. நாங்க தடுத்தா, "பயப்படாதீங்க அங்கிள்"னு சிரிக்கிறாங்க.

இது சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி உள்ள இறங்கி அரிச்சுக்கிட்டே இருக்கும். 1973 அக்டோபர்ல இதே குனோங் சீரோவில் பாறை சரிந்து, அடிவாரத்து வரிசை வீடுகள்ல இருந்த சுமார் 40 பேர் செத்துப் போனாங்க.

மலை ஏறுறதுக்கு நாங்க எதிரி இல்ல. 808 மீட்டர் கிளேடாங் பக்கத்துலேயே இருக்கு, நல்ல பாதையும் இருக்கு. 2,183 மீட்டர் கொர்பு வேணும்னா வனத்துறை பெர்மிட் எடுத்து, வழி தெரிஞ்ச ஆளோட போங்க.

போன வாரம் நாங்க கத்தி இறக்கின பையன் கையில ஒரு கல்லு இருந்துச்சு. பிடிச்ச பிடியிலேயே பெயர்ந்து வந்துடுச்சாம்.