வில்லுக்கு ஒரு பேர் வேண்டாமா?

சோப்பு வாங்கினால் பேர் பார்த்து வாங்குகிறோம். தீப்பெட்டிக்குக்கூடப் பேர் உண்டு. வாத்தியத்துக்கு?

அதற்கும் உண்டு. ஜப்பானில் டொராகுசு யமஹா என்று ஒருவர் இருந்தார். 1887-ல் ஹமமட்சு நகரப் பள்ளிக்கூடத்தில் பழுதாகிக் கிடந்த ஆர்கன் வாத்தியத்தைச் சரிசெய்து கொடுத்தார். பிறகு தாமே செய்ய ஆரம்பித்தார். கம்பெனிக்கு 'நிப்பான் கக்கி' என்று பேர். 'ஜப்பான் வாத்தியம்' என்று அர்த்தம். 100 ஆண்டு கழித்து, 1987-ல்தான் கம்பெனிக்கு அவர் பேர் வந்தது! சுருதி பார்க்கும் கவைகள் மூன்று அதன் சின்னம். நம் ரோட்டில் ஓடும் யமஹா மோட்டார் சைக்கிளிலும் அதே கவைகள்தான்.

ஜெர்மனியில் பியானோ செய்த ஸ்டெயின்வெக், அமெரிக்கா போய்த் தம் பேரை 'ஸ்டெயின்வே' என்று மாற்றிக்கொண்டார். ஊருக்கு ஏற்ற பேர்!

நம் வழக்கம் வேறு. இங்கே ஆசாரியின் பேரைவிட ஊரின் பேரே முந்தும். வீணை என்றால் தஞ்சாவூர். நாதசுரம் என்றால் நரசிங்கம்பேட்டை. கடம் என்றால் மானாமதுரை. இந்த மூன்று பேருக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. வீணைக்கு 2013-ல். நாதசுரத்துக்கு 2022-ல். கடத்துக்கு 2023-ல். அதைப் 'புவிசார் குறியீடு' என்கிறார்கள். வேறு ஊரில் செய்த கடத்தை 'மானாமதுரைக் கடம்' என்று சொல்லி விற்க முடியாது. அந்த ஊர்க் குயவரின் பிழைப்புக்கு அது ஒரு வேலி.

சரி, நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். வடசேரியில் செய்யும் கோயில் நகைக்கு இந்தக் குறியீடு உண்டு. மட்டிப் பழத்துக்கும் 2023-ல் கிடைத்தது. நம் வில்லு?

சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு இல்லாமல் முடியுமா? மணி கட்டிய வில், வீசுகோல், குடம், உடுக்கை, கட்டை, சால்ரா. எத்தனை பேர் கைவேலை! பாடுகிறவர் பேர் நோட்டீசில் பெரிய எழுத்தில் வருகிறது. வில் வளைத்தவர் பேரும் குடம் வனைந்தவர் பேரும் யாருக்குத் தெரியும்? பேர் இல்லாத பொருளுக்கு நல்ல விலை கேட்க முடியுமா?

திருநெல்வேலிக்காரர்களும் வில்லுக்கு உரிமை பேசுவார்கள். பேசட்டும். இரண்டு சீமையும் சேர்ந்தே கேட்டாலும் நஷ்டமில்லை.

தனி ஆள் இதைக் கேட்க முடியாது. தொழிலாளர் சங்கம் கேட்கலாம். செய்கிறவர்கள் முதலில் ஒன்றுகூடி, என்ன பேர் வைப்பது என்று முடிவு செய்யட்டும். மாவட்டத் தொழில் மையம் கூட இருந்து உதவட்டும். மனு வாங்கும் அலுவலகம் டில்லியில் இல்லை. சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.